குற்றச் செய்திக்குள் போன பாராங்

"அண்ணே, காட்டுக்குக் கொண்டுபோக ஒரு கத்தி வாங்கணும். இது எப்படி இருக்கு?" என்று கைப்பேசியை நீட்டினார் தம்பி ஒருவர். மலையேறும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். திரையில் கறுப்புப் பூசிய குட்டைக் கத்தி. முதுகில் ரம்பப் பல், அரை சென்டிமீட்டர் தடிமன். "ஒரு பாராங் போதுமே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "பாராங்கா? அது கேங்ஸ்டருங்க வச்சிருக்கிறதுண்ணே."

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் தமிழ் நாளிதழ்களில் 'பாராங் கத்தி' எங்கெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கொள்ளை, வெட்டு, கைது. ஆனால் குற்றச் செய்திக்குள் போவதற்கு முன்னால் இந்தச் சொல் வேறு இடங்களில் வாழ்ந்திருக்கிறது.

எந்தக் கத்தி நல்லது என்பதைக் கடைக்காரரைவிடக் காடுதான் முதலில் முடிவு செய்கிறது. ஸ்வீடனின் மோரா ஊரில் 1891-இல் ஒரு கத்தித் தொழிற்சாலை தொடங்கியது. இன்றும் அங்கே செய்யப்படும் கத்திகளின் அலகு பெரும்பாலும் 10 சென்டிமீட்டர்தான். பைன், பிர்ச் மரங்களைச் சீவவும், சுள்ளியைத் துருவி நெருப்பு மூட்டவும் அந்த நீளம் போதும். குளிர்நாட்டுக் காட்டுக்கு அது அருமையான கத்தி.

நம் காடு வேறு. முள் பிரம்பும் மூங்கிலும் கொடியும் வழியை மறிக்கும். பிரம்பைக் குட்டைக் கத்தியால் அறுக்கப் பார்த்தால் அது வளைந்து, முள்ளோடு திரும்பி வந்து கையிலேயே அடிக்கும். வீசி ஒரே வெட்டில் துண்டிக்க வேண்டும். பாராங்கின் நீளமும், நுனியை நோக்கிக் கூடும் எடையும் அதற்காகத்தான். விறகும் இங்கே ஈரம். கட்டையைப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த வைரம் கிடைக்கும். பாராங்கைக் கட்டைமேல் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் பிளந்துவிடும்.

மலாய்க்காரர்களின் பழைய புனக்காட்டு விவசாயத்தில் இரண்டு வேலைகளுக்கு இரண்டு சொற்கள் இருந்தன. முதலில் 'தெபாஸ்': பாராங்கால் புதரையும் சிறு செடிகளையும் வெட்டித் தள்ளுவது. பிறகு 'தெபாங்': பெலியோங் என்ற சிறு கோடாரியால் பெருமரங்களைச் சாய்ப்பது. பாராங்கால் பெருமரத்தைச் சாய்க்க யாரும் மெனக்கெடவில்லை. எந்த வேலைக்கு எது என்பது மொழியிலேயே பதிந்திருந்தது.

இணையத்தில் கத்தி விற்பவர்கள், இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும் என்பதை வேதம்போலச் சொல்வார்கள். கம்பத்துக் கொல்லர்கள் செய்த பாராங்கில் கூரான வால் ஒன்று மரப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். மலாயில் அதற்குப் 'புத்திங்' என்று பெயர். பிடி உடைந்தால் காட்டிலேயே புதுப் பிடி செதுக்கிக்கொள்ளலாம். இரும்பு பல சமயம் பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டை. அது தேயும், தீட்டலாம், சுலபத்தில் உடையாது.

1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது காடு போர்க்களமானது. காட்டுத் தடம் படிக்க ஆளில்லாமல் பிரிட்டிஷ் இராணுவம் அதே ஆண்டில் சரவாக்கிலிருந்து ஈபான்களைக் கொண்டுவந்தது. 1953-இல் அவர்களை வைத்தே சரவாக் ரேஞ்சர்ஸ் படை அமைந்தது. பர்மிங்ஹாமின் மார்ட்டிண்டேல் நிறுவனம் இராணுவத்துக்காகச் செய்த காட்டுக் கத்தியின் பெயரே 'கோலோக்'. மலாய்ச் சொல் அது. ஆள வந்தவர்களும் கத்தி விஷயத்தில் இந்த மண்ணிடம்தான் பாடம் கேட்டார்கள்.

தோட்டத்துத் தமிழர்களும் கேட்டார்கள். பால் வெட்ட உளி. மற்ற எல்லாவற்றுக்கும் பாராங். என் தாத்தா லயத்துப் பின்சுவரில் அதைச் செருகி வைத்திருப்பார். விறகு பிளக்க, தேங்காய் வெட்ட, கோழிக்கூண்டுக்கு மூங்கில் சீவ, எல்லாம் அந்த ஒரே கத்தி. அதைப் பார்த்து நாங்கள் யாரும் பயந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, நாம் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது லயத்தோடு வேலையும் போனது. கத்தி மட்டும் சிலர் கையில் மிஞ்சியது. வேலையில்லாத கத்தி என்ன ஆகும் என்பதற்கு நாளிதழே சாட்சி.

1958-இல் வந்த ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய சட்டம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் நடப்பில் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் பாராங் வைத்திருந்தால் குற்றம். பையில் கத்தி இருந்தால் போலீஸ்காரர் கேட்கப்போவது "எதுக்கு?" என்றுதான். வாங்கும் முன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். சமையலுக்கும் சின்னச் சீவலுக்கும் என்றால் குட்டைக் கத்தி போதும். புதரும் மூங்கிலும் என்றால் பாராங். போட்ட பாதையில் நடந்துவிட்டுத் திரும்பப் போகிறோம் என்றால் இரண்டுமே தேவையில்லை.

தம்பியை அடுத்த வாரம் ஒரு பழைய இரும்புச் சாமான் கடைக்கு அழைத்துப்போனேன். நாலைந்து பாராங்கைத் தூக்கிப் பார்த்து, கைக்கு அடங்கிய ஒன்றை எடுத்தார். உறை, இரண்டு மரத்துண்டுகளைப் பிரம்பால் கட்டியது. "உருவும்போது கூர்ப்பக்கம் விரலைச் சுத்தி வைக்காதீங்க தம்பி. கட்டு அறுந்தா விரலும் போகும்" என்றேன். தாத்தா எனக்குச் சொன்னது. இத்தனை வருஷத்தில் அதை யாரிடமாவது சொல்ல வாய்த்தது அன்றுதான்.