பகடி வீடும் சொந்தச் சாவியும்: இரண்டு போன்கள், ஓர் ஒப்பாய்வு

மும்பையில் பகடி வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கையில் சாவி இருக்கும், வீடு நம்முடையதாக இருக்காது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முன்பணமாகப் பெருந்தொகை கட்டி, மாதாமாதம் சொற்ப வாடகை கொடுத்துத் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. வீட்டைக் கைமாற்ற நினைத்தால் மட்டும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், வருகிற பணத்தில் அவருக்கொரு பங்கும் வேண்டும். முழுக் காசு கொடுத்து நாம் வாங்கும் ஸ்மார்ட்போனும் ஏறக்குறைய இப்படித்தான். அதில் என்ன ஓ.எஸ். ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் பூட்டுக்கு பூட்லோடர் என்று பெயர். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத்தான் போன் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

தாராவி 90 அடி சாலைப் பக்கமிருந்து கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவதுண்டு. “அண்ணா, நோண்டிப் பார்க்க ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வேணும். லினக்ஸ் ஏத்தணும். எது வாங்கலாம்?” இந்தக் கேள்விக்கு நான் இரண்டு போன்களை மேசைமேல் வைப்பேன். ஒன்று ஷாவ்மியின் போகோ எஃப்1. 2018 ஆகஸ்டில் ரூ.20,999 தொடக்க விலையில் வந்தது. மற்றொன்று கூகுள் பிக்சல் 3ஏ. 2019 மே மாதம் ரூ.39,999-க்கு வந்தது. இரண்டையும் தயாரித்தவர்கள் கைவிட்டாயிற்று. போகோவுக்கு அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றது. பிக்சலுக்கு 2022-இல் முடிந்தது. ஆனால் இரண்டுக்கும் கட்டற்ற மென்பொருள் சமூகம் இன்னும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பழைய வழக்கு

இந்த உயிர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2014-இல் ஒன்பிளஸ் ஒன் என்ற போன், ஆண்ட்ராய்டிலிருந்து உருவான சயனோஜென் ஓ.எஸ்ஸோடு இந்தியாவுக்கு வந்தது. அதே நேரம் சயனோஜென் நிறுவனம் இந்திய உரிமையை மைக்ரோமேக்ஸின் யூ பிராண்டுக்குத் தனியாகக் கொடுத்திருந்தது. விவகாரம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய், அந்த டிசம்பரில் ஒன்பிளஸ் விற்பனைக்கே தற்காலிகத் தடை விழுந்தது. இரண்டு வருடம் கழித்து, 2016 டிசம்பரில், சயனோஜென் நிறுவனமே தன் சேவைகளை மூடியது. ஒப்பந்தம், உரிமை, வழக்கு எல்லாம் போயின. மூலநிரல் மட்டும் போகவில்லை. திறந்த உரிமத்தில் இருந்ததால் தன்னார்வலர்கள் அதை எடுத்து லினேஜ் ஓ.எஸ். என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இன்று மேசைமேல் இருக்கும் இரண்டு போன்களிலும் அது ஓடுகிறது.

பூட்டைத் திறப்பது

பிக்சலில் இது பத்து நிமிட வேலை. செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து ‘ஓ.இ.எம். அன்லாக்கிங்’ என்பதை இயக்க வேண்டும். இதற்கு ஒருமுறை இணைய இணைப்பு தேவை. பிறகு போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரிலிருந்து ஒரே ஒரு கட்டளை. திரையில் எச்சரிக்கை வரும். வால்யூம் பட்டனால் ‘அன்லாக்’ என்பதைத் தேர்ந்து பவர் பட்டனை அழுத்தினால் தீர்ந்தது. உள்ளே இருந்த படமும் செய்தியும் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகல் எடுத்துவிட வேண்டும். கணக்கு தேவையில்லை, காத்திருப்பும் இல்லை.

போகோ அசல் பகடி வீடு. எம்.ஐ. கணக்கு தொடங்கி, சிம் போட்டு, மொபைல் டேட்டாவில் அந்தக் கணக்கைப் போனோடு இணைக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவனத்தின் கருவியை ஓட்டினால் பெரும்பாலும் ‘168 மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்று பதில் வரும். ஏழு நாள் கழித்து அதே கருவி, அதே கணக்கு, அப்புறம்தான் திறக்கும். அனுமதி வருவது நிறுவனத்தின் சர்வரிலிருந்து. அந்த சர்வர் நாளை மறுத்தால், பூட்டிய போன் பூட்டியபடியே கிடக்கும். ஷாவ்மியின் புதிய போன்களில் இந்த விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன்.

திரும்பப் பூட்டுவது

இந்த இடத்தில்தான் இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன. பூட்டைத் திறந்துபோட்ட போன் வாசல் கதவைத் திறந்துவைத்த வீடு. கையில் கிடைத்தவர் யாரும் உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றலாம். பிக்சலில் நம் சொந்தச் சாவியைப் பதித்து, மாற்று ஓ.எஸ்ஸை வைத்துக்கொண்டே பூட்லோடரைத் திரும்பப் பூட்ட முடியும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தச் சாவியின் கையொப்பம் சரிபார்க்கப்படும். திறந்த பூட்டுக்கு வரும் ஆரஞ்சு எச்சரிக்கைக்குப் பதிலாக மஞ்சள் எச்சரிக்கை வரும். பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட கிராஃபீன் ஓ.எஸ். பிக்சலைத் தேர்ந்ததற்கு இத்தகைய வன்பொருள் வசதிகளே காரணம். 3ஏ-வை அது இப்போது ஆதரிப்பதில்லை. பிக்சல் 8 முதல் ஏழு வருட அப்டேட் வாக்குறுதி இருப்பதால், வசதி உள்ளவர்கள் அந்த வரிசையைப் பார்க்கலாம். போகோவில் மாற்று ஓ.எஸ்ஸை வைத்துக்கொண்டு பூட்ட முயன்றால் போன் கண் திறக்காமலே போய்விடக்கூடும்.

எது ஏறும், எது ஓடும்

லினேஜ் தவிர, 2017-இல் கேனானிக்கல் கைவிட்டபின் யூபிபோர்ட்ஸ் சமூகம் காப்பாற்றிய உபுண்டு டச்சும், போனுக்குப் பத்து வருட ஆயுள் வேண்டும் என்று தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்ஸும் இரண்டு போன்களுக்கும் உண்டு. உபுண்டு டச் பழகப் பிக்சல் 3ஏ நல்ல துணை. ஆண்ட்ராய்டுச் சாயலே இல்லாத அசல் லினக்ஸ் கெர்னலைப் படிக்கப் போகோ வளமான நிலம். அதன் ஸ்னாப்டிராகன் 845 சிப்பில் சமூகம் அவ்வளவு உழைத்திருக்கிறது. பிக்சலில் ஏ, பி என்று இரண்டு மென்பொருள் பிரிவுகள் இருப்பதால், அப்டேட் பாதியில் கெட்டால் பழையதற்குத் திரும்ப வழி உண்டு. போகோவில் அந்த மெத்தை கிடையாது. விழுந்து எழுந்துதான் கற்க வேண்டும்.

பழுது

போகோவின் பலம் கடைத்தெருவில் இருக்கிறது. இந்தியாவில் பரவலாக விற்ற போன் என்பதால் பேட்டரியும் டிஸ்ப்ளேயும் தேடிப் பிடிக்கலாம். 3ஏ-வுக்கு அலைய வேண்டியிருக்கும், அதன் ஓலெட் டிஸ்ப்ளே போகோவின் எல்.சி.டி.யைவிட விலை கூடியது. ஆனால் ஒரு நுணுக்கம். போகோ எஃப்1-க்கு டியான்மா, ஈ.பி.பி.ஜி. என்று இரண்டு தயாரிப்பாளர்களின் திரைகள் வந்தன. ஆண்ட்ராய்டு தானே கண்டுகொள்ளும். போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்ஸில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி கெர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் உடைந்த திரையை மாற்றித் தந்த அன்றே உங்கள் போனின் ஜாதகமும் மாறியிருக்கலாம். திரை கறுத்துக் கிடந்தால் பயப்பட வேண்டாம், மற்ற கெர்னலை ஏற்றிப் பாருங்கள். பொருளும் நிரலும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பாடத்தை நான் பார்த்ததில்லை.

அன்றாடத்தில் இரண்டு தடைகள்

இரண்டு போன்களுக்கும் பொதுவான தடைகள் இவை. முதலாவது யு.பி.ஐ. பூட்டு திறந்திருந்தால் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறுவது கடினம், வங்கிச் செயலிகள் சில கதவைச் சாத்திவிடும். காய்கறிக்காரரிடமும் க்யூ.ஆர். அட்டை தொங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. இரண்டாவது குரல் அழைப்பு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது; அழைப்பு முழுதும் வோல்ட்டியில்தான். லினேஜில் இது ஓடும். லினக்ஸ் ஓ.எஸ்.களில் எல்லாப் போனிலும் ஓடுவதில்லை. அதனால் வீட்டுக்கு ஒரே போன் என்றால் அதில் கை வைக்காதீர்கள். அம்மா ஊருக்குப் பேசும் போன் சோதனைக்கூடம் ஆகக் கூடாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

லாமிங்டன் ரோட்டிலோ மனீஷ் மார்க்கெட்டிலோ வாங்கும்போது முதலில் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பாருங்கள். KYM என்று போட்டு இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தடைசெய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பிக்சல் என்றால் ஓ.இ.எம். அன்லாக்கிங் பட்டன் மங்கிக் கிடக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். பிக்சல் 4, 5, 6 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. இங்கே கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் வெரைசன் விற்ற போனாக இருந்தால் அந்தப் பட்டன் உயிர்பெறாது. போகோ என்றால் பழைய உரிமையாளர் எம்.ஐ. கணக்கிலிருந்து வெளியேறியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.

என் முடிவு

சாவி விஷயத்தில் பிக்சல்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் சட்டைப்பையில் வைக்க, தன் தகவல் தன்னிடமே இருக்க விரும்புகிறவர் அப்டேட் நிற்காத ஒரு பிக்சலை வாங்குவதே சரி. ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் போகோவைத்தான் காட்டுகிறேன். வெளிவந்தபோதே விலை ஏறக்குறைய பாதி, உதிரிபாகம் ஊருக்குள்ளேயே கிடைக்கிறது, திரையை உடைத்தால் கழற்றிப் பார்க்கவும் கற்கலாம். பூட்டு ஏற்கெனவே திறந்த ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்த ஏழு நாள் அனுமதியை இன்னொருவர் உங்களுக்காக வாங்கி வைத்துவிட்டார். ஆன் செய்ததும் லோகோவுக்குக் கீழே ‘அன்லாக்டு’ என்ற சின்ன எழுத்து தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.