தென்கொரிய ஈரப்பதமூட்டிக் கிருமிநாசினி நச்சு நிகழ்வு

குளிர்காலத்தில் அறைக் காற்று வறண்டுவிடும் தென்கொரியாவில், நீரை நுண்துளிகளாகப் பரப்பும் ஈரப்பதமூட்டிகள் வீடுகளில் பரவலாகப் பயன்படுகின்றன. அக்கருவியின் நீரில் கிருமி வளராதிருக்கக் கலக்கும் திரவம் 1994 இல் சந்தைக்கு வந்தது. பின்னர் பல நிறுவனங்கள் அதை விற்றன. குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்றே சில புட்டிகளில் அச்சிடப்பட்டிருந்தது.

பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணமானது பாலிஎக்சாமெத்திலீன் குவானிடின் என்னும் வேதிப்பொருள். தோலில் பட்டால் இதன் தீங்கு குறைவு; மூச்சுடன் உட்சென்றால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சுவாசவழி நச்சுத்தன்மையைச் சோதிக்காமலேயே இது விற்பனைக்கு வந்தது. மூச்சில் கலப்பதற்கென்றே பயன்பட்ட பொருளுக்கு அந்த ஒரு சோதனைதான் முதலில் நடந்திருக்க வேண்டும்.

2011 இன் முற்பகுதியில், கருவுற்ற பெண்களும் அண்மையில் மகப்பேறு கண்டவர்களும் காரணம் தெரியாத கடும் நுரையீரல் நோயுடன் சியோலின் ஆசான் மருத்துவமனைக்கு அடுத்தடுத்து வந்தனர். ஆகத்து 31 அன்று அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கிருமிநாசினியைக் காரணமாகச் சுட்டியது. நவம்பரில் புட்டிகளைத் திரும்பப்பெற ஆணை பிறந்தது.

வழக்கு விசாரணை 2016 இல்தான் வேகம் பெற்றது. மிகுதியாக விற்ற ஆக்சி ரெக்கிட் பென்கீசரின் முன்னாள் தலைவருக்கு 2017 சனவரியில் 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. இறந்ததாக அரசிடம் பதிவானோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது. உயிர்க்கொல்லி வேதிப்பொருள்களுக்கு விற்பனைக்கு முன்பே ஒப்புதல் பெற வேண்டுமெனும் சட்டம் 2019 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.