திருநாதர் குன்றின் நிசீதிகை

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோருள் மிகச் சிலரே, அதற்கு வடக்கே சிங்கவரத்தை அடுத்துள்ள திருநாதர் குன்றின்மேல் ஏறுவர். ஆங்குப் பெரும்பாறையொன்றில் தீர்த்தங்கரர் 24 பேரும் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்துள்ளனர். அக்குன்றிலுள்ள சிறு கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரிகர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்த இடத்தை நிசீதிகை எனக் குறிக்கிறது. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதுவர். ஐகாரத்தின் பழைய வடிவத்திற்குச் சான்றாக எழுத்தியலார் இதனைப் பெரிதும் எடுத்தாள்வர். பொருளை நோக்குவோர் அரியர்.

இந்நோன்பினைச் சங்ககால வடக்கிருத்தலோடு ஒன்றெனக் கொள்வாரும் உளர். அது பொருந்துமாறில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததற்கு மக்களொடு நேர்ந்த பகை காரணம். பிசிராந்தையார் இருந்ததற்கு நட்புக் காரணம். சமண நூலாரோ, நண்பரிடத்துப் பற்று வைத்தலைச் சல்லேகனையின் குற்றம் ஐந்தனுள் ஒன்றாக எண்ணினர். வாழ விழைதலும் குற்றம். விரைந்து சாக விழைதலும் குற்றமே. தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரைகண்ட பூச்சியபாதர், இது தற்கொலை ஆகாமைக்குக் கூறும் காரணம், நோற்பான்பால் சோர்வும் வெகுளி முதலிய பற்றும் இன்மை என்பதே. எனவே நோன்பின் உயிர்நிலை பசியன்று, விழிப்பு. இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015இல் இதனைத் தற்கொலையென்று தீர்ப்பளித்ததும், உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை அம்மாதமே நிறுத்திவைத்ததும் இவ்வினா இன்னும் முடிந்திலது என்பதைக் காட்டும்.

இனி, கல்லைப் பொறித்தோரை நோக்குவோம். ஏறத்தாழ அக்காலத்தனவாகிய செங்கம் பகுதி நடுகற்கள் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பூசலும் கூறும். ஆநிரை மீட்டுப் பட்டான்மீது ஊரார் காட்டிய செய்ந்நன்றி அது. அவர் பெற்ற பயன் வெளிப்படை. திருநாதர் குன்றிலோ அரசன் பெயர் இல்லை. மீட்கப்பட்ட பொருளும் இல்லை. உள்ளது நாட்கணக்கு ஒன்றே. நோற்பார்க்கு அருகிருந்து அறமுரைத்துக் காக்கும் துறவியர் 48 பேர் வரை இருத்தல் வேண்டுமென்று பகவதி ஆராதனை கூறும். இக்குன்றில் எத்துணையர் இருந்தனரோ, அவருள் ஒருவரேனும் ஒரு நாளும் தவறாது எண்ணியிருத்தல் வேண்டும். ஆசிரிகர் என்னும் சொல்லே மாணவர் இருந்தமையைக் குறிப்பாற் காட்டும். நட்பை மறத்தல் ஆசிரியர்க்கு நோன்பாயிற்று. அவரை மறவாமை மாணாக்கர்க்குக் கடனாயிற்று. அக்கடனைப் புகழுரையாலன்றி எண்ணால் இறுத்தனர் என்பதே என் கருத்து.

சில நூற்றாண்டுகட்குப் பின்னர், அதே குன்றில் இளைய பட்டாரகர் என்பார் நோற்று முடிந்தமையை மற்றொரு கல்வெட்டுக் கூறும். அங்கும் நாள் எண்ணப்பட்டுள்ளது, 30.