மகமையும் பிடியரிசியும்

நம் முன்னோர் பொருளீட்டிய வரலாற்றைக் கூறுவோர் அவர்தம் உழைப்பையே பெரிதும் எடுத்துரைப்பர். உழைப்பில் நம்மவர் எவர்க்கும் குறைந்தவரல்லர் என்பது உண்மையே. ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் நாள்தோறும் பனையேறி உழைத்தவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடனிலேயே உழன்றனர். அவரினும் மிக்க உழைப்பாளிகள் யாவர்? ஆகவே உழைப்போடு வேறொன்றும் கூடியிருத்தல் வேண்டும். அஃது யாதென ஆராயுங்கால், மகமை என்னும் ஏற்பாடே முதலில் நினைவுக்கு வருகின்றது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடார் வணிகர் கருப்புக்கட்டி, கருவாடு, உப்பு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு வடக்கே சென்றனர். வழியிலே கள்வர் பயம் மிகுதி. ஆதலின் வண்டிகளும் சரக்குகளும் இராப்பொழுது தங்குதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நம்மவர் வணிகம் இங்ஙனமே வேரூன்றிற்று. விருதுபட்டி என்றது இன்றைய விருதுநகரையே.

பேட்டையைப் பேணுதற்குப் பொருள் வேண்டுமன்றோ? அதற்கென வணிகர் செலுத்தியதே மகமை. ஆண்டிறுதியில் இலாபக் கணக்குப் பார்த்து, மனம் உவந்தபோது அளித்த தருமமன்று அது. சரக்கு விலையாகும் பொழுதே மூட்டைக்கு இவ்வளவு என்று தனியே எடுத்து வைக்கப்பட்டது. அதன் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கின்றது. தன்னுடையதென்று எண்ணிவிட்ட பணத்தைப் பிரிவது எவர்க்கும் துன்பமே; கைக்கு வருமுன் விலகிய பணத்திற்காக ஏங்குவார் அரியர். உறவின்முறைக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சியே சிலர் கொடுத்தனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு சேர்ந்த பொருளைப் பகிர்ந்துண்டிருப்பின், வீட்டுக்கு ஒரு பண்டிகைச் செலவுக்குக் கூடப் போதியிராது. அதனைக் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளியாகவும் ஆக்கினர். பொதுக் கிணறும் கோயில் வாயிலும் நம்மவர்க்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை இளைஞர் நினைவிற் கொள்க. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நமக்கு எதிராகவே முடிந்தது. 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. வீட்டிலிருந்த பொன்னும் பண்டமும் கொள்ளைக்கு எளியன. வெட்டிய கிணற்றையும் கற்ற கல்வியையும் எவர் தூக்கிச் செல்வார்?

விருதுபட்டியில் 1880-களில் மகமைப் பொருளைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அதனைப் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றும் மக்கள் வழங்கினர். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் இட்டு, அவ்வரிசியைப் பள்ளிக்கு அளித்தனர். வறிய வீட்டில் ஒரு பிடி என்பது ஒருவர் வாய்க்குச் செல்லும் கவளமே ஆகும். பேட்டையில் ஆடவர் செலுத்திய மகமையை விரித்தெழுதுவோர், அடுக்களையில் பெண்டிர் செலுத்திய இம்மகமையை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர், இது நீதியன்று. தங்கள் பசியைச் சிறிது குறைத்துக் கொள்ளாமல் அவர்களால் அதனை ஈந்திருக்க இயலாது. பலனோ, எழுத்தறியத் தொடங்கிய சிறுவன் வளர்ந்து ஆளாகும் வரை காத்திருந்து காண வேண்டியது. கொடுத்தோருள் பிள்ளையற்றவரும் இருந்திருப்பர். 1903-இல் அவ்வூரிற் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியிலேதான்.

இக்காலத்தும் பொது நிதியின் முதலை விழாவுக்கு எடுக்கலாமா என்னும் வாதம் எழுவதுண்டு. அப்போதெல்லாம் எனக்கு அக்கலயமே கண்முன் தோன்றும்.

1910-இல் நாடார் மகாஜன சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த பத்தாண்டின் முடிவில், நமக்கென ஒரு வங்கி வேண்டும் என்னும் எண்ணம் சங்கத்திலே வலுப்பெற்றது. அதன்படி 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. சிறுகச் சேர்க்கும் பழக்கம் முன்னரே ஊறியிருந்த சமூகத்திற்குப் பங்குப் பணம் கட்டுவது புதுமையாயினும், கட்டிவிட்டுக் காத்திருப்பது புதுமையன்று. 1962-இல் அவ்வங்கி தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறி, யாவர்க்கும் உரியதாயிற்று. முதலில் பங்கு வாங்கிய முதியோருள் பலர் அப்பெயர்ப் பலகையைக் காண இருந்திலர்.