உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுது... செக் பண்ணீங்களா?

2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி பேர் இந்தியா முழுக்க அடிபட்டது ஞாபகம் இருக்கா? முதலாமாண்டு மாணவர் ஒருவருக்காக வேறொருவர் மும்பையில் நீட் எழுதியதாக டீனுக்கு ஒரு மெயில் வந்தது. ஹால் டிக்கெட் போட்டோவும் மாணவரின் முகமும் ஒத்துப்போகவில்லை. வழக்கு சிபிசிஐடி வரை போனது.

அங்கே போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தார்கள். உங்க பேர்ல யாரோ சிம் வாங்கும்போதும், ஆப்பில் கடன் எடுக்கும்போதும் அப்படி யாராவது பார்ப்பாங்கன்னு நம்பி உட்கார முடியாது பாஸ்!

எப்படித் திருடுறாங்க?

பெரிய ஹேக்கர் எல்லாம் தேவையில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து ஆதாரை பிரின்ட் எடுத்திருப்பீங்க. லாக் அவுட் பண்ணீங்களா? டவுன்லோடு ஆன ஃபைலை அழிச்சீங்களா?

போடிமெட்டு, குமுளி வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போற நம்ம அம்மா, அப்பா ரோட்டோரக் குடைக்கடையில் சிம் வாங்குவாங்க. "ரேகை சரியா விழலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, அந்த இரண்டாவது ரேகையில் கூடுதலாக ஒரு சிம்மை ஆக்டிவேட் செய்வது மோசடிக்காரர்களின் பழைய டெக்னிக்.

திருடி என்ன பண்ணுவாங்க?

அந்த சிம்மிலிருந்து யாரையாவது ஏமாற்றினால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

பான் எண் கிடைத்தால் கடன். 2022-ல் நடிகை சன்னி லியோனே, தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கியதாக ட்விட்டரில் புலம்பினார். தொகை சின்னதுதான். ஆனா, அது கட்டப்படாமல் கிடந்தால் அடி வாங்குவது உங்க சிபில் ஸ்கோர். நாளைக்கு பைக் லோன் கேட்டுப் போய் நிற்கும்போதுதான் விஷயமே தெரியும்.

ஆதார் எண்ணோடு கைரேகையும் சிக்கினால் ஓடிபி இல்லாமலே அக்கவுன்ட்டில் பணம் எடுக்கலாம்.

இன்னிக்கே 10 நிமிஷம் ஒதுக்குங்க!

* சஞ்சார் சாத்தி தளத்தில் உங்க பேரில் உள்ள நம்பர்களைப் பாருங்க. தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

* ஆதார் தளத்தில் கைரேகையை லாக் பண்ணுங்க. தேவைப்படும்போது திறந்துக்கலாம்.

* கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு பண்ணி, முடிந்த இடங்களில் அதையே கொடுங்க. ஜெராக்ஸ் கொடுத்தால் தேதியையும் காரணத்தையும் குறுக்கே எழுதுங்க.

* கிரெடிட் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் பார்க்கலாம்.

* "அக்கவுன்ட்டை வாடகைக்குக் கொடு, கமிஷன் தர்றேன்"னு யார் சொன்னாலும், நோ!

பணம் போயிடுச்சா? உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உங்க நம்பரை செக் பண்ணி முடிச்சதும் போனைக் கீழே வெச்சிடாதீங்க. அம்மா போனையும் வாங்கிப் பாருங்க. இரண்டாவது தடவை ரேகை வெச்சது அவங்களாகவும் இருக்கலாம்!