ஹம்மாம் ஏறாத மலை

நமது சஞ்சிகைகளில் குளியலைப் பற்றி யாராவது எழுதப் புகுந்தால் முதற்பந்தியிலேயே கொர்தோபா வந்துவிடும். அடுத்த பந்தியில் இஸ்தான்பூல். முஸ்லிம் ஸ்பெயினின் ஹம்மாம்களும் உஸ்மானியரின் சலவைக்கல் மேடைகளும் பெருமைக்குரியவைதாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கலஹாவில் இருந்துகொண்டு அவற்றைப் பற்றி எழுதுகிறவர், மலைச்சரிவில் விழும் பீலியைத் தாண்டித்தான் தபாற்கந்தோருக்குப் போகிறார். அந்தப் பீலியைப் பற்றி யார் எழுதுவது?

ஹம்மாம் என்பது வெப்பத்தைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல். தரைக்கு அடியில் அனலை ஓடவிட்டுக் கட்டடத்தைச் சூடாக்கும் வித்தையை முஸ்லிம்கள் ரோமரிடமிருந்து பெற்றனர். மாற்றியது தண்ணீரின் முறையை. ரோமர் பலர் சேர்ந்து ஒரே தொட்டியில் அமிழ்ந்தனர். முஸ்லிம்களோ நீரை அள்ளி மேலே ஊற்றிக்கொள்வதையே விரும்பினர். குளிர்ந்த அறை, மிதமான அறை, சூடான அறை என்று உடல் படிப்படியாக உள்ளே போகும். மொகலாயர் ஆக்ராவிலும் டில்லிச் செங்கோட்டையிலும் இத்தகைய ஹம்மாம்களைக் கட்டினர்.

நம் கரைகளில் அது வேர்விடவில்லை. ஹம்மாம் கட்ட அரசனோ பெரிய வக்ஃபோ வேண்டும். ஓயாமல் எரிக்க விறகு வேண்டும். இங்கு வந்த முன்னோரிற் பெரும்பாலோர் வணிகர். காசு கொடுத்து வியர்க்கவேண்டிய தேவையும் கரையோரத்தில் எவருக்கும் இருக்கவில்லை. தமிழ் வீடுகளுக்குள் அந்தச் சொல் புகுந்ததெல்லாம் பெரும்பாலும் 1931இல் இந்தியாவில் வெளிவந்த ஹமாம் சவர்க்காரத்தின் உறையில்தான்.

1344இல் பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா குளிக்கும் இடங்களைக் கூர்ந்து பார்த்தவர். பக்தாதின் ஹம்மாம்களில் ஆளுக்கு மூன்று துண்டுகள் தருவதை வியந்து எழுதுகிறார்: உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, துவட்ட ஒன்று. எகிப்தின் மின்யாவில் இடுப்புத் துணியின்றிக் குளித்தவர்களைக் கண்டு ஆளுநரிடம் முறையிட்டு அதைத் தடுத்தவரும் அவரே. இலங்கைக்கு வருமுன் மாலைதீவில் காழியாக இருந்தபோது அவர் கண்ட காட்சி வேறு. கால் கழுவ வாசலில் தண்ணீர்ச் சாடி, ஆழமில்லாத கிணறு, நீண்ட பிடி போட்ட சிரட்டை அகப்பை, வெக்கையினால் நாளுக்கு இருமுறை குளிக்கும் மக்கள். நமது கிணற்றடிக்கு இதைவிட நெருக்கமான பழைய சித்திரத்தை நான் வாசித்ததில்லை.

சூட்டறைக் குளியல் இந்த நாட்டுக்கு அந்நியமானது என்றும் எண்ணிவிடக் கூடாது. வைத்தியர் ஜீவகரின் வேண்டுகோளின் பேரில் புத்தர் பிக்குகளுக்கு ஜந்தாகரத்தை அனுமதித்ததாக விநய பிடகம் கூறுகிறது. நெருப்பு மூட்டிய அறையில், முகம் தீயாதிருக்கக் களிமண் பூசிக்கொண்டு, பீடத்தில் அமர்ந்து வியர்ப்பார்கள். அநுராதபுரத்து விகாரைகளில் இவ்வறைகளின் சிதைவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மிஹிந்தலையின் பழைய வைத்தியசாலையில் மனித உடலின் வடிவாகக் குடைந்த கல் மருந்துத்தொட்டியை இன்றும் பார்க்கலாம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) தன் ராணிமாருக்கென ஏரிக்கரையில் கட்டிய குளியல் மண்டபமான உல்பென்கே, பிரித்தானியர் காலத்தில் நூலகமாயிற்று. தலதா மாளிகையில் புதன்கிழமைதோறும் நானுமுர மங்கல்லய என்னும் நீராட்டுச் சடங்கு நடைபெறுகிறது. ஸபர் மாதத்தின் ஒடுக்கத்துப் புதனன்று குளித்து முழுகிய நம் பாட்டிமாருக்கு இந்தப் பொருத்தம் தெரிந்திருக்குமோ என்னவோ. அதை பித்அத் என்று சொல்லி நிறுத்தியாயிற்று. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடலாம், வழக்கத்தை எழுதிவைப்பது எழுத்தாளனின் வேலை.

இனிப் பீலி. மலையில் ஊறும் நீரை மூங்கிற் குழாயோ தகரமோ செருகி விழச்செய்வது. சிங்களவர் பிஹில்ல என்பர். கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மலைகள் பச்சையாயின, லயங்கள் எழுந்தன. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் அனல் காற்று ஊதப்பட்டது. யோசித்துப் பார்த்தால், இந்தக் குளிர்ந்த மலையில் சூடேற்றிய அறை கொழுந்துக்குத்தான் வாய்த்தது. கொழுந்து பறித்தவளுக்கு வாய்த்தது மார்கழிப் பீலித் தண்ணீர். குறுக்குக்கட்டுடன், பாதையோரத்தில், இருட்டுமுன் குளித்துவிட்டு ஓடவேண்டும். மின்யாவில் ஒரு முழத் துணிக்காக ஆளுநரின் கதவைத் தட்டிய இப்னு பதூதா இங்கு வந்திருந்தால் துரையின் பங்களாவுக்கு ஏறியிருப்பார்.

நம்மவரின் சூட்டறை, சட்டியும் போர்வையும்தான். நொச்சி, ஆடாதோடை அவித்து வேது பிடிப்பது. பிள்ளை பெற்றவளுக்கு இலை அவித்த வெந்நீரை ஊற்றுவது.

எனினும் நாம் கட்டிய ஒன்று உண்டு: ஹவுழ். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட நீர், அசுத்தம் பட்டாலும் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை நஜீஸாகாது. அந்தச் சட்டத்தின் கட்டட உருவமே ஹவுழ். குழாய் வரிசை வந்தபின் பல ஊர்களில் அது மூடப்பட்டுவிட்டது. சுகாதாரத்துக்கு நல்லதுதான். விளிம்பில் குந்தி எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து வுழுச் செய்தவர்கள், இப்போது சுவரைப் பார்த்துச் செய்கிறார்கள்.

பின்லாந்தின் சவுனாவை யுனெஸ்கோ 2020இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முன்னாளில் அந்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் சவுனாவில்தான் பிள்ளை பெற்றனர். இறந்தோரைக் கழுவியதும் அங்கேதான். இதை வாசித்தபோது தூரதேசம் கிட்ட வந்தது. பிறந்த பிள்ளைக்கு முதற் குளிப்பு, தாய்க்கு நாற்பதாம் நாள் குளிப்பு, ஈற்றில் மையித்தின் குளிப்பு. நமக்கும் குளியலின் வரலாறு இன்னொருவர் கையால் ஊற்றப்படும் தண்ணீரில்தான் இருக்கிறது. மையித்துக்கு ஒற்றைப்படையாக ஊற்றுவார்கள். இலந்தை இலை கலந்த நீர், கடைசியில் கற்பூரம்.

1567இல் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப், கிரனாடாவின் மொரிஸ்கோக்களுக்கு அரபு மொழியையும் ஆடையையும் தடைசெய்த ஆணையிலேயே அவர்களின் குளிப்பகங்களையும் தடைசெய்தான். அதைப் பழங்கதையாக நாம் படித்துக்கொண்டிருந்தோம். சவுனா பட்டியலில் ஏறிய அதே 2020இல், கொரோனாவால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி இங்கு ஏப்ரலில் வெளிவந்தது. 2021 பெப்ரவரியில் அது மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அடக்கம் மறுக்கப்பட்டதைப் பற்றிக் கவிதையும் கதையும் நிறைய வந்தன, வரவேண்டியவையே. குளிப்பாட்டுவதையும் சுகாதார விதிகள் தடுத்திருந்தன. அதைப் பற்றி எழுதியோர் குறைவு. அந்த மையித்துகளுக்காகப் பள்ளிவாசல்களின் குளிப்பாட்டும் பலகைகள் நனையவில்லை.