சுயம்பு எண்களைக் கண்ட பள்ளி ஆசிரியர்

108 சங்காபிஷேகம், 108 போற்றி, 108 மணிகள் கோத்த மாலை என்று அடியார்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கும் எண் 108. கணிதத்திலும் இவ்வெண்ணுக்கு இரு தனிச் சிறப்புகள் உண்டு. அச்சிறப்புகளைக் காட்டும் எண் வகைகளை வகுத்துப் பெயரிட்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மராட்டிய மண்ணில் வாழ்ந்த எளிய பள்ளி ஆசிரியர் ஆவார்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905ஆம் ஆண்டு பம்பாய்க்கு வடக்கே உள்ள தகாணு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் எழுத்தர், சோதிடத்தில் ஈடுபாடு மிக்கவர். கணக்கிடும் ஆர்வம் மகனுக்கு அவரிடமிருந்தே வந்தது. புனே பெர்குசன் கல்லூரியில் பயின்ற கப்ரேகர், 1930 முதல் 1962 வரை நாசிக் நகரை அடுத்த தேவ்லாலியில் ஆசிரியப் பணி புரிந்தார். உயர் பட்டமோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இல்லை. தாளும் எழுதுகோலுமே அவர்தம் கருவிகள்.

அவர் கண்டவற்றுள் உலகப் புகழ் பெற்றது 6174 என்னும் எண். அதனை அவர் 1949ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் எடுத்துரைத்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. அவ்விலக்கங்களால் அமையும் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். வரும் விடையையும் அவ்வாறே செய்ய வேண்டும். மூன்று இலக்கமே வருமாயின் முன்னே 0 சேர்த்துக்கொள்ளலாம். ஏழு முறைக்குள் 6174 வந்தே தீரும். அவர் ஓய்வு பெற்ற 1962ஆம் ஆண்டையே பார்ப்போமாயின், 9621 - 1269 = 8352; 8532 - 2358 = 6174. அதன்பின் 7641 - 1467 என்று கழிப்பினும் 6174தான். எங்குப் புறப்பட்டாலும் சென்று சேரும் இடம் ஒன்றே.

45ஐ 45ஆல் பெருக்கினால் 2025. அதனை 20, 25 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 45. இத்தகைய எண்கள் இன்று கப்ரேகர் எண்கள் என்றே வழங்குகின்றன.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு அவர் 'ஹர்ஷத்' என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருவது என்பது அவ்வடசொல்லின் பொருள். இராமானுசன் பெயரோடு இணைந்த 1729 அவ்வகையினது; இலக்கங்களின் கூட்டுத்தொகை 19, 19 × 91 = 1729. 108உம் அத்தகையதே; 1 + 0 + 8 = 9, 9 × 12 = 108.

மற்றொரு வகை, தானே தோன்றிய எண்கள். 15உடன் அதன் இலக்கங்களான 1, 5 இரண்டையும் கூட்டினால் 21 பிறக்கின்றது. ஆகவே 15 தாய், 21 சேய். ஆனால் 20 என்னும் எண்ணை இவ்வாறு ஈன்றெடுக்கும் எண் எதுவும் இல்லை. தாயிலி எண்களாகிய இவற்றைச் சுயம்பு எண்கள் எனலாம். 108உம் சுயம்புவே. 89 வரையுள்ள எண்கள் தரும் மிகப் பெரிய விடை 106. 90 முதல் 107 வரையுள்ளவை ஒற்றைப்படை விடைகளையே தருகின்றன. 108உம் அதற்கு மேற்பட்டவையும் தருவன 108ஐ விடப் பெரியவை. ஆகவே 108ஐப் பெற்ற எண் எதுவும் இல்லை.

இவற்றை வெறும் விளையாட்டு என்று நகைத்த கணித அறிஞர்கள் பலர். கப்ரேகர் மனம் தளரவில்லை. தம் கண்டுபிடிப்புகளைச் சிறு நூல்களாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஓய்வுக்குப்பின் ஓய்வூதியம் போதாமல் மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்திய காலத்திலும் எண்களை விட்டாரில்லை. 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவரைப் பற்றி எழுதினார். அதன்பின் அவர்தம் பெயர் உலகெங்கும் பரவியது. அப்போது அவருக்கு வயது 70. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

108இன் புனிதம் கணக்கினால் வந்ததன்று. எனினும் நாள்தோறும் நாவில் பயிலும் எண்ணுக்குள் இத்தனை நுட்பம் அடங்கியிருப்பதை அறிதல் இன்பம் தருவதாகும். திருவிழா நாளில் இல்லத்துப் பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் தந்து, அவர்கள் பிறந்த ஆண்டை 6174 வரை கொண்டு செல்லச் சொல்லலாம். நகைப்புக்கு அஞ்சாது எண்களை நேசித்த அந்த ஆசிரியரின் வகுப்பறை அங்கே மீண்டும் தொடங்கும்.